முன்சக்கரத்துக்கு ஒரு தாயத்து

டிஸ்கி: இது பைக் பற்றிய பதிவு. பைக் பிடிக்காதவர்கள், முக்கியமாக வீட்டில் வயசுப் பையனை வைத்திருக்கும் அம்மா அப்பாக்கள், தயவுசெய்து ஓடிவிடாதீர்கள். உங்களை உத்தேசித்துத்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பஞ்ச்குலாவில் ஒரு நண்பர் வீட்டில் மதியச் சாப்பாடு. கரூர்ப் பக்கத்துக் குடும்பம், வடக்கே வந்து பதினாறு வருஷம் ஆகிறது. வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் முடிந்து, மோர் சாதத்துக்கு மாவடு வரும் நேரத்தில் பையன் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தான். மொஹாலியில் சாஃப்ட்வேர் வேலை. ஜூன் கடைசியில் நண்பர்களோடு ஸ்பிதி போகிறான். பெட்டிக்குள் கருப்பு அலுமினியத்தில் ஒரு வளைவு, நாலு கிளாம்பு, ஒரு பொட்டலம் போல்ட்.

"பார்த்தீங்களா அண்ணா, இதை முன்னாடி மாட்டினா வண்டி ஆடவே ஆடாதாம். எனக்கு இப்பத்தான் கொஞ்சம் நிம்மதியா இருக்கு" என்றார் அவன் அம்மா.

அந்த 'நிம்மதி' என்ற வார்த்தைதான் எனக்கு மாவடுவைக் கசக்க வைத்தது. இதே வார்த்தையை வைத்து என் வீட்டிலும் 2022-ல் ஒரு சாங்ஷன் வாங்கியிருக்கிறேன். வாங்கி, போட்டு, விழுந்து, இடது மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டோடு கிளைக்குப் போய் வந்திருக்கிறேன். (வலது கை நன்றாக இருந்ததால் கையெழுத்துப் போடத் தடையில்லை. ஆகவே லீவும் இல்லை. வங்கி வேலை அப்படி.)

அந்த வளைவுக்குப் பெயர் ஃபோர்க் பிரேஸ். தெரியாதவர்களுக்கு ஒரு நிமிஷம். பைக்கின் முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு கால்கள் இருக்கும், அதுதான் ஃபோர்க். சாதாரண ஃபோர்க்கில் மேலே மெலிந்த குரோம் குழாய், கீழே பருத்த அலுமினியக் குழாய். பள்ளத்தில் இறங்கினால் கீழ்க்குழாய் மேலே ஏறி இறங்கும். மேலே இரண்டு கால்களையும் ஹேண்டில் பக்கத்து பிராக்கெட்டுகள் பிடித்திருக்கின்றன. கீழே பிடித்திருப்பது சக்கரத்தின் ஆக்ஸில் மட்டும். தாழ்வான மட்கார்டு உள்ள வண்டியில் அந்த மட்கார்டும் அதன் தாங்கியும் இரண்டு கால்களுக்கும் நடுவில் ஒரு பாலம் போல உட்கார்ந்து கொஞ்சம் உதவி செய்யும். மண்ரோட்டுக்கென்று மட்கார்டை மேலே தூக்கிவைத்த வண்டிகளில் அந்தப் பாலம் கிடையாது. அப்போது இரண்டு கால்களும் தனித்தனியே முறுக்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஒரு பக்கம் மட்டும் டிஸ்க் பிரேக் இருந்தால், பிரேக் பிடிக்கும்போது அந்தக் காலுக்கு மட்டும் அதிக வேலை. இதைத் தடுக்க ஆக்ஸிலுக்கு மேலே இரண்டு கால்களையும் இறுகக் கட்டும் பட்டைதான் பிரேஸ்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நியாயமும்தான். என் சண்டை பிரேஸோடு இல்லை. எந்த நோய்க்கு என்று கேட்காமல் அதை விற்பவர்களோடும், அதைவிட முக்கியமாக, கேட்காமல் வாங்கும் நம்மோடும்தான்.

இந்த பிரேஸுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வண்டிகளில் முக்கியமானது கவாசாகி கேஎல்ஆர் 650. 1987-ல் வந்தது, அமெரிக்காவில் இருபது வருஷம் பெரிதாக மாற்றமே இல்லாமல் ஓடியது. 38 மில்லிமீட்டர் ஃபோர்க், அது மேலும் கீழும் போகும் தூரம் 230 மி.மீ., உயரமான மட்கார்டு. மெலிந்த கால், நீண்ட பயணம், நடுவில் பாலம் இல்லை. அந்த வண்டிக்காரர்கள் பிரேஸ் போட்டார்கள், வித்தியாசம் தெரிந்தது, எழுதினார்கள். சரி. 2008-ல் கம்பெனி அந்த வண்டியைத் திருத்தியபோது ஃபோர்க்கை 41 மி.மீ. ஆக்கியது, பயணத்தை 200 மி.மீ. ஆகக் குறைத்தது. மூன்று மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். குழாயின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். குழாய்ச் சுவரும் அதே விகிதத்தில் இருந்தால், 38-லிருந்து 41-க்குப் போவதற்குள் சுமார் 35 சதவீதம் கூடுதல். (பி.காம். படித்தவன் சொல்லும் இயற்பியல்தான். கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பாருங்கள்.)

இப்போது நம் நாட்டுக்கு வாருங்கள். 2016-ல் வந்த ஹிமாலயன் 411-க்கு ஃபோர்க் 41 மி.மீ., பயணம் 200 மி.மீ. அதாவது கேஎல்ஆர்காரர்களுக்கு கம்பெனி 2008-ல் கொடுத்த அதே அளவு. போதாததற்குத் தாழ்வான மட்கார்டு வேறு. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? சேறு அடைத்துக்கொள்கிறது என்று அந்த மட்கார்டைக் கழற்றிப் பரணில் போடுகிறார்கள். பிறகு அது இருந்த இடத்தில் ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு பட்டையை வாங்கி மாட்டுகிறார்கள். என்னத்த சொல்ல!

2019-ல் வந்த எக்ஸ்பல்ஸ் 200-ன் ஃபோர்க் 37 மி.மீ., ஒத்துக்கொள்கிறேன், மெலிசுதான். ஆனால் இருபது குதிரைசக்திக்கும் உள்ளே இருக்கும் இலகுவான வண்டி. கேஎல்ஆர் போல மூட்டை கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் பறக்கிற சாதி இல்லை. 2023 கடைசியில் வந்த ஹிமாலயன் 450-ம் கேடிஎம் 390 அட்வெஞ்சரும் தலைகீழ் ஃபோர்க் வண்டிகள். பருத்த குழாய் மேலே, மெல்லிய குரோம் குழாய் கீழே. ஏறி இறங்கும் குரோம் குழாயில் நடுவே எதையும் கவ்வ வைக்க முடியாது, வைத்தால் சீலில் போய் இடிக்கும். அதற்கும் பிரேஸ் கேட்டுக் கடைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நானே நின்று பார்த்திருக்கிறேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன். வண்டி பெயர் வேண்டாம், வண்டி மேல் தப்பே இல்லை. முப்பத்திரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. எண்பதைத் தாண்டினால் ஹேண்டிலில் ஒரு நடுக்கம். கையைக் கொஞ்சம் தளர்த்தினால் இடதும் வலதுமாக ஆடும். ஒரு சீசன் முழுக்கப் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் எங்கேயோ படித்தேன், யாரோ சொன்னார்கள், ஃபோர்க் முறுக்கிக்கொள்கிறது, பிரேஸ் போடு என்று. ஆடிட் வேலையாக டெல்லி போனபோது கரோல் பாக்கில் ஒரு கடை. 5,200 ரூபாய். வீட்டில் கேட்டதற்கு, "பாதுகாப்புக்கு. உனக்குத்தான் நிம்மதி" என்றேன். அந்த வார்த்தைக்கு எந்தப் பெண்மணி மறுப்புச் சொல்வார்? கேள்வியே இல்லாமல் சாங்ஷன் ஆனது. செக்யூரிட்டி எதுவும் பார்க்காமல் கொடுத்த கடன் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

கடைப் பையன் இருபது நிமிஷத்தில் மாட்டிவிட்டான். வண்டி சென்டர் ஸ்டாண்டில் நிற்க, காற்றுத் துப்பாக்கியால் நாலு போல்ட்டையும் டர்ர்ர் என்று ஒரே மூச்சில் இறுக்கினான். கூடவே டயருக்குக் காற்றைச் சரிபார்த்தான், ஹேண்டில் தலையில் இருக்கும் பெரிய நட்டையும் கால் சுற்று முடுக்கினான். சண்டிகர் திரும்பும் வழியில் நடுக்கம் போயே போச்சு. ஹேண்டில் கல்லு மாதிரி. நான் நாலு பேருக்கு போன் போட்டு பிரேஸ் புகழ் பாடினேன். (அந்த நாலு பேரும் என்னை மன்னிக்கவும்.)

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 'போட்ட உடனே வித்தியாசம் தெரிந்தது' என்று சொல்லாத ஆளே கிடையாது. தெரியத்தான் செய்யும். அந்த நாளில் கூடவே டயர் காற்று சரியானது, ஆக்ஸில் மறுபடி இறுக்கப்பட்டது, கோன் செட் முடுக்கப்பட்டது. நாலு வேலை நடந்திருக்கிறது, பேர் மட்டும் பிரேஸுக்கு. ஒரே மாதத்தில் நாலு பேர் டெபாசிட் கொண்டுவந்து, மேனேஜர் தன் பேரில் ரிப்போர்ட் எழுதிக்கொள்வது போல.

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் ஆபத்தானது. ஹேண்டில் 'கல்லு மாதிரி' ஆனது விறைப்பால் அல்ல. ஃபோர்க் பிடித்துக்கொண்டதால்.

அந்த வருஷம் செப்டம்பரில் ஸ்பிதி. காஸாவிலிருந்து லோசர் வழியாகக் குன்சும் கணவாய் ஏறி, மறுபுறம் பாத்தாலுக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். 4,500 மீட்டருக்கு மேல் உயரம், மூச்சே அளந்துதான் வரும். இறக்கம் முழுக்கச் சரளைக்கல், கொண்டைஊசி வளைவுகள். போகும்போது தார்ரோட்டில் எதுவும் தெரியவில்லை. இங்கே முன்சக்கரம் கல்லில் ஏறி இறங்காமல் கல்லுக்குக் கல் தாவியது. பிரேக் பிடித்தால் ஃபோர்க் அமுங்க வேண்டும், பாதியில் நின்றுகொண்டது. அமுங்கியது திரும்பி வரவும் யோசித்தது. நாலாவது வளைவோ ஐந்தாவதோ, சக்கரம் சொன்ன பக்கம் திரும்பாமல் நேராகப் போனது. வண்டி ஓரத்தில் அடுக்கிவைத்த கற்களில் மோதிச் சாய்ந்தது, நான் உள்பக்கமாக விழுந்தேன். கற்களுக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று வீட்டில் இதுவரை சொன்னதில்லை. இந்தப் பதிவில்தான் முதன்முறை சொல்கிறேன்: ஒன்றும் இல்லை. கீழே வெகு ஆழத்தில் சந்திரா நதி.

பின்னால் வந்த சக அதிகாரி ஒரு பிக்கப் வண்டியை நிறுத்தி என்னையும் பைக்கையும் ஏற்றினார். சத்ரு, கிராம்பூ, கோக்சர் தாண்டி அடல் சுரங்கம் வழியாக மணாலி வரும் வரைக்கும், அந்த ரோட்டின் ஒவ்வொரு கல்லும் என் மணிக்கட்டில் தனித்தனியே வந்து கணக்குச் சொன்னது.

சண்டிகரில் மணிமாஜ்ராவில் ஒரு வயதான சர்தார்ஜி மெக்கானிக். பேச்சே கிடையாது. வண்டியை ஏற்றி நிறுத்தி, முன்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கி மெதுவாக விட்டு, ஃபோர்க் எங்கே வந்து நிற்கிறது என்று குரோம் குழாயில் பென்சிலால் கோடு போட்டார். பிறகு முன்பக்கத்தைச் சற்றே தூக்கி மெதுவாக இறக்கி, இன்னொரு கோடு. இரண்டும் ஒரே இடத்தில் வராது, கொஞ்சம் உராய்வு எந்த ஃபோர்க்கிலும் உண்டு. என் வண்டியில் இடைவெளி 30 மி.மீ. பிரேஸைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்தார். 12 மி.மீ. அப்புறம் வெர்னியரை எடுத்து இரண்டு கால்களுக்கு நடுவிலும், பிரேஸின் கிளாம்புகளுக்கு நடுவிலும் அளந்தார். பிரேஸ் ஒன்றரை மி.மீ. குறுகல். காற்றுத் துப்பாக்கி அந்த ஒன்றரை மி.மீட்டரை என் ஃபோர்க்கிலிருந்து வசூல் செய்திருந்தது. இரண்டு கால்களும் உள்பக்கம் இழுக்கப்பட்டு, உள்ளே இருக்கும் புஷ்ஷில் குழாய் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது.

கடைசியாக முன்சக்கரம் தரையில் படாமல் தூக்கி வைத்து, ஹேண்டிலை ஒற்றை விரலால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளச் சொன்னார். நேராக வரும் இடத்தில் ஏதோ பல்லில் மாட்டியது போல டக் என்று ஒரு நிறுத்தம். கோன் செட் போய்விட்டது. குண்டுகள் இத்தனை வருஷ அடியில் வளையத்தில் குழி பறித்திருக்கின்றன. எண்பதில் வந்த நடுக்கம் அதுதான். மாற்றிப்போட ஆன செலவு பொருளும் கூலியும் சேர்த்து 1,400 ரூபாய். நடுக்கம் அன்றோடு சரி, இன்றுவரை இல்லை.

5,200 ரூபாய் போட்டு நோயை மூடி மறைத்து, புதிதாக இன்னொரு நோயும் வாங்கியிருக்கிறேன். வாராக்கடனை மறைக்கப் புதுக்கடன் கொடுக்கிற வித்தையை இருபது வருஷமாகப் பிறர் ஃபைலில் கண்டுபிடித்துச் சிவப்பு மசியில் எழுதிக்கொண்டிருந்தவன் நான்.

ஹேண்டில் ஆடினால் பார்க்க வேண்டியவை வரிசையாக இருக்கின்றன, எல்லாமே பிரேஸைவிட மலிவு. டயர் காற்று. டயர் தேய்மானம், முக்கியமாகப் பட்டன் டயர் போட்டிருந்தால் அது தார்ரோட்டில் இயல்பாகவே ஆடும். ஸ்போக் தளர்ச்சி, சக்கர நெளிவு. கோன் செட். ஃபோர்க் ஆயில் இரண்டு காலிலும் ஒரே அளவா என்பது. பின்பக்க ஸ்விங்ஆர்ம் புஷ். எல்லாவற்றுக்கும் மேலாக மூட்டை! பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் பெட்டியைத் தொங்கவிட்டு, அதற்குள் கேஸ் அடுப்பும் ஐந்து கிலோ அரிசியும் வைத்தால் முன்சக்கரத்தின் மேல் பாரம் குறையும், வேகத்தில் ஹேண்டில் ஆடும். (அரிசி ஏன் என்று கேட்கக்கூடாது. காஸாவில் ராஜ்மா சாவல் தின்ன முடியாத நம் ஆள் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் மனைவியும் இதைப் படிப்பார்.)

'விலை கம்மிதானே சார், இருந்துட்டுப் போகட்டுமே' என்பார்கள். இருந்துவிட்டுப் போகும் பொருளாக இருந்தால் நான் ஏன் எழுதப் போகிறேன்? எலுமிச்சம்பழம் கட்டினால் வண்டிக்கு நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. இது முன்சக்கரத்தின் இரண்டு கால்களையும் கவ்வுகிற இரும்புப்பிடி. சரியாக இல்லாவிட்டால் சும்மா இருக்காது. இன்னொரு சின்ன விஷயம், தொழில் தோஷத்தால் சொல்கிறேன்: கம்பெனி மாட்டாத இந்த மாதிரிச் சாமான்களை இன்சூரன்ஸ் பாலிசியில் சொல்லி மதிப்புச் சேர்க்காவிட்டால், விழுந்து உடைந்தால் அதற்குக் காசு கேட்க முடியாது.

இத்தனைக்குப் பிறகும் வேண்டும் என்றால்? மெலிந்த ஃபோர்க், உயரமான மட்கார்டு, நிறையப் பாரம், வண்டித்தடம் பதிந்த மண்ரோடு, மேலே சொன்னதெல்லாம் சரிபார்த்தாயிற்று, இன்னும் வண்டி தடத்தில் அலைகிறது என்றால் போடுங்கள். பலன் உண்டு. ஆனால் பக்கத்திலேயே நின்று போடவையுங்கள். முதலில் இரண்டு கால்களின் இடைவெளியை மேலே ஒரு இடத்திலும் கீழே ஒரு இடத்திலும் வெர்னியரால் அளக்க வேண்டும். பிரேஸின் அளவு அதோடு ஒத்துப்போகாவிட்டால், வாஷர் கொடுத்துச் சரிக்கட்டும் வகை என்றால் வாஷர், இல்லாவிட்டால் பெட்டியில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் பிஞ்ச் போல்ட்டைத் தளர்த்தி, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன்பிரேக் பிடித்தபடி ஃபோர்க்கை ஏழெட்டுத் தடவை நன்றாக அமுக்கிவிட வேண்டும். கால்கள் தாங்களாகவே தங்கள் இடத்துக்கு வரும். பிறகுதான் பிஞ்ச் போல்ட். பிரேஸின் போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகி, மறுபடி அமுக்கி, அப்புறம் டார்க் ரென்ச்சால் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக, அதைச் செய்தவர் கொடுத்த அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். அலுமினியக் குழாயை நசுக்கினால் உள்ளே புஷ் ஓடும் பாதை நசுங்கும். காற்றுத் துப்பாக்கியை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

இன்னும் ஒன்று, பலர் விடுவது: ஃபோர்க் முழுக்க அமுங்கினால் பிரேஸ் மேலே போய் எதில் இடிக்கும்? முன்சக்கரம் தொங்கும் நிலையில் பிரேஸின் உச்சிக்கும் மேலே இருக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 200 மி.மீ. பயணம் உள்ள வண்டியில் அந்த இடைவெளி 200-ஐவிட அதிகமாக இருந்தாக வேண்டும். பிரேக் குழாயும் நடுவில் சிக்கக்கூடாது. முடித்ததும் பென்சில் கோடு சோதனை, போடுவதற்கு முன் ஒன்று, போட்ட பின் ஒன்று. இடைவெளி கூடியிருந்தால் அங்கேயே கழற்றுங்கள்.

பஞ்ச்குலா வீட்டில் இதையெல்லாம் சொல்லி முடிக்கும்போது மோர் சாதம் காய்ந்துவிட்டது. பையனுக்கு முகம் சரியில்லை. "அங்கிள், உங்க கேஸ்ல கடைக்காரன் தப்பு" என்றான். பாதி உண்மை. மீதிப் பாதி, ஒரு வெர்னியர் கூடக் கேட்காமல் நின்ற என் தப்பு. கீழே பார்க்கிங்கில் போய், நண்பரும் நானும் வண்டியின் பின்பக்கத்தை அமுக்கிப் பிடித்து முன்சக்கரத்தைத் தூக்கினோம். அவன் விரலால் ஹேண்டிலைத் தள்ளினான்.

டக் இல்லை. கோன் செட் நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்போக்கில் ஆறு தளர்ந்திருந்தது, கையால் தட்டினாலே சத்தம் மாறுகிறது. டயரில் 18 காற்று. அவன் அம்மா மாடியிலிருந்து எட்டிப்பார்த்து, "அப்ப அந்தக் கம்பி வேண்டாமா அண்ணா?" என்றார். இப்போதைக்கு வேண்டாம் என்றேன். வரும் சனிக்கிழமை அவனை மணிமாஜ்ராவுக்குக் கூட்டிப்போகிறேன்.

பி.கு.: என் பிரேஸ் பெட்டியோடு பரணில் இருக்கிறது. வேண்டுகிறவர்கள் சொல்லுங்கள். ஒன்றரை மி.மீ. குறுகல் என்பதை அட்டைப்பெட்டி மேலேயே எழுதித்தான் கொடுப்பேன்.